பானை ஓட்டில் கோப்டிக் கடிதம்: ஏழைகளின் காகிதமா?

கேட்டவரின் கேள்வி சுருக்கமாக இது: அருங்காட்சியகம் ஒன்றில் உள்ளங்கை அளவு உடைந்த பானை ஓடு பார்த்திருக்கிறார். அதில் கறுப்பு மையில் நெருக்கமாக எழுத்துகள். கீழே "கோப்டிக் கடிதம், 7-ஆம் நூற்றாண்டு" என்று சீட்டு. காகிதம் வாங்க வழியில்லாத ஏழைகள் எழுதியதா, அப்படி என்னதான் எழுதியிருப்பார்கள், இணையத்தில் இதே மாதிரி ஓடு விற்பனைக்கு வருகிறதே, வாங்கலாமா என்று மூன்று சந்தேகம்.

முதல் சந்தேகத்துக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். ஏழைகள்தான் ஓட்டில் எழுதினார்கள் என்றால், ஹெர்மோந்திஸ் நகரத்தின் ஆயர் (பிஷப்) ஆபிரகாமையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கும். 600-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தெற்கு எகிப்தில் அவர் பெரிய ஆள். தன் கீழ் இருந்த குருக்களுக்கு அவர் அனுப்பிய உத்தரவுகளும் அவருக்கு வந்த விண்ணப்பங்களும் ஓட்டிலும் சுண்ணாம்புக்கல் சில்லிலும்தான் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அதே ஆபிரகாம் உயில் எழுதும்போது பாப்பிரஸ் என்ற கோரைத் தாளில் எழுதினார், அதுவும் கிரேக்கத்தில். அவருக்கோ கிரேக்கம் தெரியாது. எகிப்திய மொழியில் தனக்கு விளக்கிச் சொல்லப்பட்டது என்று உயிலிலேயே குறிப்பு இருக்கிறது. அந்த உயில் இப்போது லண்டனில் உள்ளது. ஆக, ஒரே மனிதர்: அன்றாட விஷயத்துக்கு ஓடு, காலத்துக்கும் நிற்க வேண்டியதற்கு பாப்பிரஸ். எதில் எழுதுவது என்பதைப் பெரும்பாலும் காரியம்தான் முடிவு செய்தது, வசதி அதற்கு அடுத்துதான்.

கோப்டிக் என்றால் என்ன என்று ஒரு வரி. பழைய எகிப்திய மொழியின் கடைசிக் கட்டம் அது. எழுத்து கிரேக்க எழுத்துதான். கிரேக்கத்தில் இல்லாத ஒலிகளுக்கு டெமாட்டிக் என்ற பழைய எகிப்திய எழுத்திலிருந்து சிலவற்றைச் சேர்த்துக்கொண்டார்கள். தெற்கில் எழுதப்பட்ட சஹிதிக் வழக்கில் அப்படிச் சேர்ந்தவை ஆறு. பிற்பாடு அரபு மொழி மெல்ல மெல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்று கோப்டிக் எகிப்தியக் கிறிஸ்தவர்களின் வழிபாட்டில் இருக்கிறது, வீட்டுப் பேச்சில் இல்லை.

இந்த ஓடுகள் அதிகம் கிடைத்த இடம் இன்றைய லக்சர் நகருக்கு எதிர்க்கரை, அதாவது நைலின் மேற்குக் கரை. காலம் பெரும்பாலும் 6 முதல் 8-ஆம் நூற்றாண்டு வரை. மன்னர்களின் கல்லறைகளும் கோயில்களும் நிறைந்த அந்த மலையடிவாரத்தில் அப்போது ஒரு கிறிஸ்தவ உலகம் குடியேறியிருந்தது. மூன்றாம் ராம்செஸின் கோயில் மதில்களுக்குள்ளேயே ஜேமே என்ற ஊர் இருந்தது. அந்த இடத்துக்கு இப்போது மெதீனத் ஹாபு என்று பெயர். ஹத்ஷெப்சுத் அரசியின் கோயில் மேல் புனித ஃபொய்பம்மோன் மடாலயம் நின்றது. அதை நிறுவியவர் மேலே சொன்ன ஆபிரகாம்தான். மலைச்சரிவில் பழைய கல்லறைக் குகைகளில் துறவிகள் தனியாகவும் இரண்டு மூன்று பேராகவும் வாழ்ந்தார்கள். 1890-களில் அகழாய்வாளர் எதுவார் நவீல் ஹத்ஷெப்சுத் கோயிலைத் தோண்டியபோது மடாலயத்தின் மிச்சத்தை அப்புறப்படுத்திவிட்டார். பாரோக்களின் சுவரைப் பார்க்கும் அவசரத்தில் மேலே இருந்த இரண்டாயிரம் வருஷம் பிற்பட்ட சுவரை யாரும் பெரிதாக எண்ணவில்லை. ஓடுகளை மட்டும் ஓரளவு பொறுக்கி வைத்தார்கள்.

சரி, ஏன் ஓடு? அது கீழே கிடந்தது, அவ்வளவுதான். வைன், எண்ணெய், தண்ணீர் எல்லாம் மண்சாடியில்தான் வந்தது. சாடி காலியானால் உடையும், உடைந்தால் குப்பைமேடு. அந்தக் காலத்து எகிப்திய வைன் சாடிகள் நைல் வண்டலில் செய்தவை, பழுப்பு நிறம், வெளிப்புறம் முழுக்க வரிவரியாக மேடு பள்ளம். உள்பக்கம் வைன் கசியாமல் இருக்கக் கீல் பூசியிருப்பார்கள், அது கறுப்பாக இருக்கும். அதனால் எழுதுவது வெளிப்பக்கம். நீங்கள் பார்த்த ஓட்டில் எழுத்து வரிகள் சற்றே வளைந்து போயிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். எழுதியவர் சாடியின் வரிகளையே கோடு போட்ட நோட்டு மாதிரி பிடித்துக்கொண்டு போயிருப்பார். இடம் போதாவிட்டால் ஓட்டைத் திருப்பி உள்பக்கத்தில் தொடர்வதும் உண்டு. தீப்ஸ் (லக்சரின் பழைய பெயர்) மலை சுண்ணாம்புக்கல் மலை என்பதால் வெள்ளைக் கற்சில்லுக்கும் குறைவில்லை. அதில் மை இன்னும் பளிச்சென்று தெரியும்.

மை என்பது புகைக்கரியும் பிசினும் தண்ணீரும். பேனா நாணல், நுனியைச் சீவிப் பிளந்தது. இந்தக் கரி மைக்கு ஒரு குணம்: வெயிலில் வெளிறாது, ஆனால் தண்ணீர் பட்டால் போய்விடும். தேவையில்லாத கடிதத்தைக் கழுவிவிட்டு அதே ஓட்டில் வேறு எழுத முடிந்ததும் அதனால்தான். அகழாய்வில் பானை ஓடு வந்தால் கூடையோடு கழுவிக் காயவைப்பது எங்கும் வழக்கம். மையெழுத்து வரக்கூடிய இடத்தில் அப்படிச் செய்தால் போச்சு. ஒவ்வொரு ஓட்டையும் இரண்டு பக்கமும் பார்த்த பிறகுதான் தண்ணீர். மங்கிப்போன ஓட்டை அகச்சிவப்பு ஒளியில் படம் எடுத்தால், கரி அந்த ஒளியை உறிஞ்சிக்கொள்வதால், கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் கறுப்பாக எழும்பி வரும்.

நம்மூர் வாசகர்களுக்கு ஓட்டில் எழுத்து என்றதும் கீழடி, கொடுமணல் நினைவுக்கு வரும். எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல் கதீமில் கிடைத்த தமிழ்-பிராமி ஓடுகளும் நினைவுக்கு வரலாம். அங்கே ஒரு சாடித் துண்டில் இருந்ததை ஐராவதம் மகாதேவன் "பானை ஒறி" என்று படித்தார், உறியில் தொங்கும் பானை என்ற பொருளில். இவை வேறு வகை. அங்கே எழுத்து மண்ணில் கீறப்பட்டது. பாண்டத்துக்கு உரியவரின் பெயரோ பாண்டத்தைப் பற்றிய குறிப்போ அது. முழுப் பாண்டத்தில் கீறிய பெயர், பாண்டம் உடைந்தபோது பாதியில் அறுந்துபோவது சகஜம். கோப்டிக் கடிதமோ உடைந்த பிறகு எழுதியது. ஓட்டின் வடிவத்துக்கு ஏற்ப வரிகள் குறுகும், நீளும். ஓரத்தில் சொல் பாதியில் வெட்டுப்பட்டிருந்தால், எழுதிய பிறகு ஓடு மறுபடி உடைந்திருக்கிறது என்று பொருள். கண்ணாடிக்கு வெளியே நின்றே நீங்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

ஏழ்மைக் கதைக்கு ஆதாரமே இல்லையா என்றால், இருக்கிறது. "பாப்பிரஸ் கிடைக்கவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியவரே மன்னிப்புக் கேட்கும் ஓடுகள் பல உண்டு. இதை வைத்துத்தான் பஞ்சப்பாட்டு என்று முடிவு கட்டுகிறார்கள். என் கணிப்பு வேறு. மரியாதைக்குரிய ஒருவருக்கு ஓட்டில் எழுதுவது கொஞ்சம் குறைவான செயல் என்ற எண்ணம் இருந்தது. அதைச் சரிக்கட்ட ஒரு பணிவு வரி. அதே கடிதங்களின் தொடக்கத்தையும் முடிவையும் பார்த்தால் இது புரியும். முதலில் ஒரு சிலுவைக் குறி. அப்புறம் "எல்லாவற்றுக்கும் முன் உங்களை வணங்குகிறேன்." எழுதுபவர் தன்னை எளியவர்களிலும் எளியவர் என்பார், பெறுபவரின் பாதபீடத்தை முத்தமிடுகிறேன் என்பார். கடைசியில் "ஆண்டவரில் நலமாக இருங்கள்", பிறகு "இன்னாரிடம் கொடு, இன்னாரிடமிருந்து." இத்தனை பணிவுச் சொற்களுக்கு நடுவே பாப்பிரஸுக்கான மன்னிப்பும் ஒன்று. மலைக் குகையில் இருப்பவர் கையில் பாப்பிரஸ் இல்லாமல் போவதும் நடக்கக்கூடியதுதான், அதை மறுக்கவில்லை.

கடைசி வரி, "இன்னாரிடம் கொடு" என்பது, தபால்காரருக்கு அல்ல. பொதுமக்களுக்கென்று தபால் ஏற்பாடு ஏதும் கிடையாது. அந்தப் பக்கம் போகிறவர் யாரோ அவரிடம் கொடுத்தனுப்ப வேண்டியதுதான். பாப்பிரஸ் என்றால் மடித்துக் கட்டி முத்திரை வைக்கலாம். ஓட்டை மடிக்க முடியாது. எடுத்துப் போகிறவருக்கு எழுத்து தெரிந்தால் வழியெல்லாம் படித்துக்கொண்டு போகலாம்.

இனி என்ன எழுதினார்கள் என்ற கேள்வி. இதில்தான் சுவாரசியம் முழுவதும்.

ஆபிரகாமுக்கு வந்த விண்ணப்பங்களில் ஒரு வகை, திருத்தொண்டர் (குருவுக்கு அடுத்த நிலைத் திருச்சபைப் பணியாளர்) பட்டம் கேட்டு எழுதியவை. கட்டளைகளைக் காப்போம், நற்செய்தியை மனப்பாடம் செய்வோம் என்று வாக்குக் கொடுத்துப் பெயரெழுதித் தருகிறார்கள். யோவான் நற்செய்தியை முழுசாக மனப்பாடம் செய்வதாக ஒப்புக்கொண்டவர்கள் உண்டு. ஆயர் பதிலுக்கு விடுவதில் கண்டிப்பான ரகமும் உண்டு. பெர்லினில் உள்ள ஒரு ஓட்டில் ஒருவனைப் பற்றி எழுதுகிறார்: அவன் ஏழைகளை வதைக்கிறான், எங்களை இல்லாதவர்களாக்கிவிட்டான் என்று அவர்களே வந்து முறையிட்டார்கள். அண்டை வீட்டானை வதைக்கிறவன், ஆண்டவரோடு உணவருந்திவிட்டு எழுந்துபோய்க் காட்டிக்கொடுத்த யூதாஸுக்குச் சமம். இப்படி யூதாஸில் தொடங்கி ஒப்புமைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. அவனை நற்கருணையிலிருந்து விலக்கிவைக்கும் உத்தரவு அது. ஒரு ஊரின் அடாவடிக்காரனைப் பற்றிய புகார், வழக்குமன்றம் போகாமல், கையகல ஓட்டில் தீர்ப்பாக முடிகிறது.

கொப்தோஸ் ஆயர் பிசெந்தியுஸ், பாரசீகர்கள் எகிப்தைப் பிடித்த 619-க்குப் பிந்தைய ஆண்டுகளில் தன் நகரத்தை விட்டு இந்த மேற்குக் கரைக்கு வந்து தங்கினார். அவருக்கு ஜேமேயின் விதவை ஒருத்தி எழுதிய மனு இருக்கிறது. பாரசீகர்கள் வந்தபோது தனக்கு நேர்ந்ததைச் சொல்லி, ஊர்த்தலைவருக்குத் தனக்காக ஒரு வார்த்தை எழுதும்படி கெஞ்சுகிறாள். படையெடுப்பைப் பற்றி வரலாற்று நூல்கள் எழுதும் பத்திகளில் இவள் இல்லை.

அரபுப் படைகள் 639 முதல் 642-க்குள் நாட்டைப் பிடித்த பிறகு ஜேமேயின் ஓடுகளில் வரி ரசீது பெருகுகிறது. 8-ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்தவை நூற்றுக்கணக்கில் உள்ளன. இன்னாரிடமிருந்து தலைவரியாக இவ்வளவு பொற்காசு வந்து சேர்ந்தது, இன்ன மாதம், இன்ன ஆண்டு, அதிகாரியின் பெயர், எழுதியவர் பெயர். அரிஸ்தோஃபனீஸ் என்ற எழுத்தர் இப்படி எழுதித் தள்ளியிருக்கிறார். பத்திரம் எழுதுவதும் அவர்தான். பாப்பிரஸில் சொத்துப் பத்திரம், ஓட்டில் ரசீது, இரண்டும் அதே கை.

வரி என்றால் தப்பி ஓடுவதும் இருக்குமே. அதற்கும் ஓடு. எனக்கு மிகவும் பிடித்த வகை இதுதான். ஊரை விட்டு ஓடியவனுக்கு ஊர் அதிகாரிகள் எழுதிக்கொடுக்கும் அபயச்சீட்டு: "இதோ உனக்குக் கடவுளின் வாக்கு. உன் வீட்டுக்குத் திரும்பி வா. உனக்குத் தீங்கு செய்ய மாட்டோம்." நாலே வரி. ஆனால் சிலவற்றில் ஒரு விலக்கும் சேர்ந்தே வரும், இந்தத் தவணைக்கான தொகையைத் தவிர என்று. கடவுள் பெயரால் சத்தியமும், அதே மூச்சில் பாக்கிக் கணக்கும்.

மெதீனத் ஹாபுவை சிகாகோ பல்கலைக்கழகத்தின் கீழைநாட்டு நிறுவனம் 1920-களிலும் 30-களிலும் தோண்டியபோது ஒரு வீட்டில் ஒரு குடும்பத்தின் ஓடுகள் சேர்ந்து கிடைத்தன. குடும்பத்தின் மையம் கொலோஜே என்ற பெண். அவள் தொழில் வட்டிக்கு விடுவது, அடகு பிடிப்பது. வீட்டுச் சாமானைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கடன் வாங்கிப் போயிருக்கிறார்கள். கடன்சீட்டு பாப்பிரஸில் இருக்க வேண்டியது அல்லவா என்று கேட்கலாம். சின்னக் கடனுக்கு ஓடே போதும், தீர்ந்ததும் தூக்கி எறியப் போவதுதானே.

துறவிகள் பக்கம் வந்தால் எபிஃபானியஸ் மடாலயம். பழைய அமைச்சர் ஒருவரின் கல்லறையைச் சுற்றி வளர்ந்த குடியிருப்பு அது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்காக ஹெர்பர்ட் வின்லாக் குழு முதல் உலகப்போருக்கு முன் தோண்டியது. கோப்டிக் அறிஞர் வால்டர் கிரம் ஓடுகளைப் படித்தார். 1926-இல் வெளியான அந்த இரண்டு தொகுதிகள் இன்றும் இந்தத் துறையில் நுழைகிறவர் முதலில் எடுப்பவை. கிரம் பிற்பாடு தொகுத்த கோப்டிக் அகராதியில் இந்த ஓடுகளிலிருந்து எடுத்த சொற்கள் ஏராளம். சாடி, கயிறு, நெசவு என்று புனித நூல்களில் அதிகம் வராத சொற்களுக்கு வேறு எங்கே போவது? எபிஃபானியஸில் பாடம் எழுதிப் பழகிய ஓடுகளும் கிடைத்தன. அகரவரிசை, பைபிளின் சங்கீத வரிகள், நாடகாசிரியர் மெனாந்தரின் கிரேக்கப் பழமொழிகள், ஏன், அகில்லீஸின் கோபத்தைப் பாடும் ஹோமரின் இலியட் காவியத்தின் முதல் வரிகூட உண்டு. கிறிஸ்தவத் துறவி மடத்தில் அகில்லீஸின் கோபம், எழுத்துப் பயிற்சிக்காக.

ஃபிராங்கே என்ற துறவியைச் சொல்லாமல் விட முடியாது. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதே மேற்குக் கரையின் ஷேக் அப்துல் குர்னாவில் 29 என்று எண்ணிடப்பட்ட கல்லறையில் வாழ்ந்தவர். கல்லறை அமெனமோபே என்ற அமைச்சருடையது, அவரை விட இரண்டாயிரம் வருஷம் மூத்தது. பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகக் குழு 1999 முதல் அங்கே தோண்டியபோது குவியலாக ஓடுகள். 2010-இல் ஆன் பூதோர், ஷாந்தால் ஊர்தெல் இருவரும் பதிப்பித்தபோது எண்ணிக்கை 800-ஐ நெருங்கியிருந்தது. ஃபிராங்கே நெசவுக்காரர், புத்தகம் படியெடுப்பவர், கட்டுபவர். முன்றிலில் குழித்தறி இருந்ததையும் கண்டுபிடித்தார்கள். பிணம் சுற்றும் துணிப்பட்டை நெய்து கொடுத்திருக்கிறார். உலகத்தைத் துறந்தவர் என்று பெயர், ஆனால் கடிதத்துக்குக் கடிதம் ஆள் கேட்பதும், பொருள் கேட்பதும், குழந்தைகளைப் பெயர் சொல்லி விசாரிப்பதுமாக இருக்கிறார். த்சியே, தாத்ரே என்ற இரண்டு பெண்களோடு அவருக்கு இருந்த கடிதத் தொடர்பு மட்டுமே ஒரு தனிக் கட்டு. அவர் பிறருக்கு அனுப்பியதாக உள்ள கடிதங்கள் எப்படி அவர் இருப்பிடத்திலேயே கிடைத்தன என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. அனுப்பாமலே விட்டாரா, பதிலோடு திரும்பி வந்தனவா?

தேதி குறிப்பதுதான் இந்த ஓடுகளில் தலைவலி. அவர்கள் கணக்கு வரிவசூலுக்கான 15 வருடச் சுழற்சி. "4-ஆம் ஆண்டு" என்று எழுதினால் எந்தச் சுழற்சியின் 4-ஆம் ஆண்டு என்று சொல்வதில்லை. பார்த்திப வருடம் என்று மட்டும் எழுதிய நம் பழைய ஓலை எந்த அறுபதில் என்று சொல்லாமல் நிற்பதைப் போலத்தான், அதிலும் இங்கே சுழற்சி கால்வாசி. அப்படிப்பட்ட இடத்தில் ஜேமேயில் யாரோ ஒருவர் ஓட்டில் எழுதி வைத்தார்: பமெனோத் மாதம் 14, 4-ஆம் ஆண்டு, பகலின் நாலாம் பங்கில் சூரியன் மறைந்தது. பலூவின் மகன் பீட்டர் ஊர்த்தலைவராக இருந்த வருஷம். அவர்கள் பகல் 12 பங்கு என்பதால் நாலாம் பங்கு என்றால் காலை பத்து மணி வாக்கு. வானியல் கணக்கு போட்டுப் பார்த்தால் அது 601 மார்ச் 10. இந்த ஒரு ஓட்டினால் பீட்டருக்குத் தேதி கிடைத்தது. பீட்டர் பெயர் வரும் ஆவணத்துக்கும், அதிலுள்ள சாட்சிகளுக்கும், அவர்களோடு தொடர்புடையவர்களுக்கும் ஒன்றிலிருந்து ஒன்றாகக் காலம் பிடிபடுகிறது.

8-ஆம் நூற்றாண்டின் முடிவோடு ஜேமே காலியாகிறது, ஓடுகளும் அத்தோடு நின்றுபோகின்றன. கடைசிக் காலத்து ஃபொய்பம்மோன் ஆவணங்களில் நோயில் பிழைத்த பிள்ளையை மடாலயத்துக்கு எழுதிக்கொடுக்கும் பெற்றோரின் பத்திரங்கள் உண்டு. அவை பாப்பிரஸில்தான். பிள்ளையைக் கொடுக்கும் பத்திரத்தை யாரும் ஓட்டில் எழுதவில்லை.

மூன்றாவது கேள்வி: வாங்கலாமா? வேண்டாம். எகிப்தில் 1983-இன் 117-ஆம் சட்டத்துக்குப் பிறகு தொல்பொருளை விற்பதும் வெளியே கொண்டுபோவதும் குற்றம். "பழைய சேகரிப்பிலிருந்து" என்று விற்பவர் சொல்வதற்கு, 1983-க்கு முன்பே வெளியேறியது என்ற காகிதச் சான்று இருக்க வேண்டும். பெரும்பாலும் இருக்காது. போலியும் சுலபம், பழைய ஓடு மண்ணில் எங்கும் கிடக்கிறது, கரி மையும் அப்படியே. சட்டத்தைத் தள்ளிவைத்தாலும், இந்த ஓடுகளின் அர்த்தம் கூட்டத்தில்தான் இருக்கிறது. ஃபிராங்கேயை நாம் அறிவது அவருடைய நூற்றுக்கணக்கான ஓடுகள் ஒரே முற்றத்தில் தறிக்குழிக்குப் பக்கத்தில் கிடந்ததால். கொலோஜேயை அறிவது ஒரே வீட்டில் சேர்ந்து கிடந்ததால். அவளுடைய ஓட்டில் ஒன்று மட்டும் அலமாரிக்கு வந்திருந்தால், யாரோ யாருக்கோ ஏதோ கொடுக்க வேண்டும் என்பதற்கு மேல் அதிலிருந்து எதுவும் பெயராது.

படிக்க ஆளில்லாமல் கிடப்பவை வேறு நிறைய. சோஹாக் அருகே அத்ரிபிஸில் ட்யூபிங்கன் பல்கலைக்கழகக் குழு 18,000-க்கும் மேல் ஓடுகள் எடுத்திருப்பதாக 2022-இல் அறிவித்தது. பெரும்பான்மை டெமாட்டிக் என்றாலும் கோப்டிக்கும் அதில் உண்டு. ஆர்வம் இருந்தால் சஹிதிக் இலக்கணத்தோடு தொடங்குங்கள். கிரேக்க எழுத்து ஏற்கெனவே தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. மீதிப் பாதி, சொல்லுக்குச் சொல் இடைவெளி விடாமல் எழுதிய கைகளோடு மல்லுக்கட்டுவது.